பத்துக்கு எத்தனை?

வட அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் தொழிற்கல்விப் பள்ளியில், பருவம் முடிந்ததும் மாணவர்கள் தங்கள் ஆசிரியர்களுக்கு மதிப்பெண் போடுவார்கள். முதலில் அது பத்துக்கு இத்தனை என்ற கணக்கில் நடந்தது. பிறகு நிர்வாகம் பத்தை எடுத்துவிட்டு ஆறு ஆக்கியது. அந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னும் 369 ஆசிரியர்களுக்கு விழுந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மதிப்பெண்களை லாரன் ரிவேரா, ஆண்ட்ராஷ் டில்சிக் என்ற இரு ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2019-இல் வெளியிட்டார்கள். ஆண்கள் மிகுந்திருந்த துறைகளில், பழைய முறையில் ஆண் ஆசிரியர்கள் பெற்ற மதிப்பெண்களில் ஏறத்தாழ 31 சதவீதம் முழுப் பத்து. பெண் ஆசிரியர்களுக்கு அது ஏறத்தாழ 20 சதவீதம்தான். ஆறு வந்த பிறகு, முழு மதிப்பெண் பெறுவது இரு பாலாருக்கும் 40 சதவீதத்தைச் சற்றே தாண்டி, கிட்டத்தட்டச் சமமாக வந்து நின்றது. மாணவர்களின் மனம் இடையில் திருந்திவிட்டது என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. பத்து என்ற எண்ணின் மேல் ‘குறையே இல்லாதவர், மேதை’ என்ற பொருள் ஏறி உட்கார்ந்திருக்கிறது; அந்தப் பட்டத்தைப் பெண்ணுக்குக் கொடுக்கத் தயங்கிய கை, ஆறைக் கொடுக்கத் தயங்கவில்லை என்பது அவர்கள் தந்த விளக்கம். ஒரே விரிவுரையின் எழுத்து வடிவத்தை ஆண் பெயரிலும் பெண் பெயரிலும் வேறு மாணவர்களிடம் கொடுத்து இரண்டு முறைகளிலும் மதிப்பிடச் சொன்ன சோதனையும் அதே பக்கம்தான் சாய்ந்தது.

இனி, அந்தப் பள்ளியின் பதிவேட்டை இரண்டு மேலாண்மை ஆய்வாளர்கள் தனித்தனியே எடுத்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய ஆண்டுகள் கிடைத்தவர் ‘மதிப்பீட்டில் பாலின இடைவெளி உண்டு’ என்று எழுதுவார். புதிய ஆண்டுகள் கிடைத்தவர் ‘இல்லை’ என்று எழுதுவார். இருவரும் கணக்கில் தவறவில்லை, மாதிரியிலும் குறையில்லை. ஆனாலும் அவர்களுடைய முடிவு, படிவம் தயாரித்த யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்த எண்ணால் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. இந்தக் கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்: மதிப்பீட்டு அளவுகோல் என்பது பதிலை வாங்கி வைக்கும் பாத்திரம் அல்ல, கேள்வியின் ஒரு பகுதி. பதிலளிப்பவர் அதையும் படித்துத்தான் பதில் சொல்கிறார். ஆகவே கிடைக்கும் தரவில் அவருடைய கருத்தும் அளவுகோலின் தடமும் கலந்தே இருக்கும். காரணம், விளைவு இரண்டையும் ஒரே ஆளிடம், ஒரே தாளில், ஒரே ஐந்து கட்டங்களில் அளக்கும் பழக்கம் மேலாண்மைத் துறையில் வேரூன்றிவிட்டதால், அந்தத் தடமே கண்டுபிடிப்பாக அச்சேறும் ஆபத்து இங்கே மற்ற துறைகளைவிட அதிகம்.

ஐந்து கட்ட முறையைத் தந்த ரென்சிஸ் லிக்கர்ட் பின்னாளில் மேலாண்மைச் சிந்தனையாளராகவே புகழ்பெற்றார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சமூக ஆய்வு நிறுவனத்தை வளர்த்தார், நிர்வாக முறைகளை நான்காக வகுத்தார். 1932-இல் வெளியான அவருடைய முனைவர் பட்ட ஆய்வின் நோக்கம் மிக எளிமையானது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் லூயிஸ் தர்ஸ்டோன் மனப்பான்மையை அளக்க ஒரு வழி சொல்லியிருந்தார். நூற்றுக்கணக்கான வாக்கியங்களைத் திரட்டி, நடுவர்களைக் கூட்டி, ஒவ்வொரு வாக்கியமும் எவ்வளவு சாதகம், எவ்வளவு பாதகம் என்று வகைப்படுத்தச் செய்து, அதன் பிறகே அளக்கத் தொடங்க வேண்டும். அந்தப் பாடு தேவையில்லை என்று காட்டினார் லிக்கர்ட். புள்ளியியல் முறையில் நுட்பமாக எடை கணக்கிட்டாலும், வெறுமனே 1, 2, 3, 4, 5 என்று போட்டுக் கூட்டினாலும் ஆட்களின் வரிசை கிட்டத்தட்ட அப்படியே அமைகிறது என்பது அவருடைய சான்று. இதில் நிரூபணமானது எது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே குழுவுக்குள் யார் முன்னே, யார் பின்னே என்ற வரிசை மாறவில்லை, அவ்வளவுதான். 4 என்பது 2-ஐப்போல் இரு மடங்கு என்றோ, ஒரு குழுவின் 3.7-உம் இன்னொரு குழுவின் 3.7-உம் ஒன்று என்றோ அவர் நிரூபிக்கவில்லை. அவருடைய எளிய கூட்டலைப் பின்வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அது எந்த எல்லைக்குள் செல்லும் என்பதை விட்டுவிட்டார்கள்.

பதிலளிப்பவர் அளவுகோலைப் படிக்கிறார் என்பதற்குத் தெளிவான சான்றுகள் ஜெர்மனியிலிருந்து வந்தன. நோர்பர்ட் ஷ்வார்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்க்கையில் எவ்வளவு வெற்றி கண்டிருக்கிறீர்கள் என்ற கேள்வியைப் பதினொரு புள்ளி அளவுகோலில் கேட்டார்கள். இரு முனைகளிலும் எழுதியிருந்த சொற்கள் எல்லோருக்கும் ஒன்றே. ஒரு சாராருக்கு எண்கள் 0 முதல் 10 வரை. மறு சாராருக்கு −5 முதல் +5 வரை. முதல் சாராரில் 34 சதவீதத்தினர் கீழ்ப்பாதியில், அதாவது 0-க்கும் 5-க்கும் இடையில் பதில் சொன்னார்கள். இரண்டாம் சாராரில் அதே கீழ்ப்பாதியைத் தொட்டவர்கள் 13 சதவீதம்தான். 0 என்பதைக் கண்டவர் ‘வெற்றி எதுவும் கிடைக்கவில்லை’ என்று எடுத்துக்கொண்டார். −5-ஐக் கண்டவருக்கு அதே இடம் ‘தோல்வி கண்டவன்’ என்று ஒலித்தது. ஷ்வார்ஸும் சக ஆய்வாளர்களும் 1985-இல் வெளியிட்ட இன்னொரு சோதனையில், தினமும் எவ்வளவு நேரம் தொலைக்காட்சி பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். அரை மணியில் தொடங்கி இரண்டரை மணிக்கு மேல் என்று முடியும் பட்டியலைப் பெற்றவர்களில் 16 சதவீதத்தினர் இரண்டரை மணிக்கு மேல் பார்ப்பதாகச் சொன்னார்கள். இரண்டரை மணியில் தொடங்கி நாலரை மணிக்கு மேல் செல்லும் பட்டியலைப் பெற்றவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 37 சதவீதத்துக்கும் மேல். எதையும் துல்லியமாக நினைவில் வைத்திராத மனிதர், பட்டியலின் நடுப்பகுதியைச் சராசரி மனிதரின் வழக்கம் என்று கொண்டு, அதிலிருந்து தன் இடத்தை ஊகிக்கிறார். ‘உங்கள் மேலாளர் மாதத்துக்கு எத்தனை முறை உங்கள் வேலையைப் பற்றி உங்களிடம் பேசுகிறார்’ என்று கேட்கும் ஆய்வுக்கு இது பொருந்தாது என்று சொல்ல எந்த முகாந்திரமும் இல்லை.

வணிக உலகில் பரவலாகப் புழங்கும் பரிந்துரை மதிப்பெண் இந்தப் பாடத்தை எதிர்த்திசையில் கற்பிக்கிறது. 2003-இல் ஃபிரெடரிக் ரெய்க்ஹெல்ட் முன்வைத்த இந்த முறையில், எங்களை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா என்ற ஒரே கேள்விக்கு 0 முதல் 10 வரை பதில் வாங்குவார்கள். 9, 10 போட்டவர்கள் ஆதரவாளர்கள். 7, 8 கணக்கில் இல்லை. 0 முதல் 6 வரை போட்டவர்கள் எல்லோரும் எதிர்ப்பாளர்கள். ஆதரவாளர் சதவீதத்திலிருந்து எதிர்ப்பாளர் சதவீதத்தைக் கழித்தால் மதிப்பெண். எல்லா வாடிக்கையாளரும் 8 போட்டால் நிறுவனத்தின் மதிப்பெண் 0. எல்லோரும் 9 போட்டால் 100. எல்லோரும் 6 போட்டால் −100. பாதிப் பேர் 10, பாதிப் பேர் 6 என்று பிளவுபட்ட நிறுவனத்துக்கும் 0-தான்; ஆனால் இந்த 0-வும் முதல் 0-வும் இரண்டு வேறு கதைகள். பதினொரு புள்ளியில் 6 என்பது நடுவுக்கு மேலே. ‘பரவாயில்லை’ என்று நினைத்து 6 போட்ட மனிதர், தான் எதிர்ப்பாளர் ஆனதை ஒருபோதும் அறியமாட்டார். இந்த எண்தான் நிறுவன வளர்ச்சியை மற்ற அளவைகளைவிட நன்றாக முன்னறிவிக்கும் என்ற உரிமைகோரலை டிமதி கெய்னிங்ஹமும் மற்றவர்களும் 2007-இல் சோதித்தபோது அந்த மேன்மை தென்படவில்லை. அது ஊழியர்களின் ஊக்கத்தொகையோடு கட்டப்பட்டு இன்றும் ஓடிக்கொண்டிருப்பது வேறு விஷயம்.

மேலாண்மை ஆய்வுகளின் அன்றாட உணவு ஒரு வாக்கியத்தைக் கொடுத்து ‘முழுமையாக உடன்படுகிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை டிக் செய்யச் சொல்வது. இந்த வடிவத்தின் நோய் பழையது. அதை அடையாளம் காட்டியவர்களும் பழையவர்கள். அமெரிக்காவில் ஹோவர்ட் ஷூமனும் ஸ்டான்லி பிரெஸரும் 1981-இல் வெளியிட்ட நூலில் ஒரு சோதனை உண்டு. குற்றங்கள் பெருகுவதற்குச் சமூகச் சூழலைவிடத் தனிமனிதர்களே அதிகப் பொறுப்பு என்ற வாக்கியத்தை ஒரு பாதியினரிடமும், தனிமனிதர்களைவிடச் சமூகச் சூழலே அதிகப் பொறுப்பு என்ற வாக்கியத்தை மறுபாதியினரிடமும் கொடுத்தார்கள். முதலாவதற்கு ஏறக்குறைய 60 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். இரண்டாவதற்கும் அறுபதை ஒட்டியே ஆமாம் வந்தது. எதைச் சொன்னாலும் தலையாட்டும் இந்த இயல்பு எல்லோரிடமும் ஒரே அளவில் இருந்தால் தொல்லையில்லை. ஆளுக்கு ஆள் கூடக் குறைய இருக்கிறது, அதிகாரத்தில் இருப்பவர் கேட்கும்போது கூடுகிறது, படிப்பு குறைந்தவர்களிடம் சற்று மிகுதியாகத் தென்படுகிறது. ஒரு தொழிற்சாலையில் 200 பேரிடம் வினாத்தாள் கொடுக்கிறோம். முதல் பக்கத்தில் மேற்பார்வையாளரின் தலைமைப் பண்பு பற்றிப் பத்து வாக்கியங்கள், மூன்றாம் பக்கத்தில் நிறுவனப் பற்று பற்றிப் பத்து வாக்கியங்கள். தலையாட்டும் இயல்புடையவர் முதல் பக்கத்திலும் 4, மூன்றாம் பக்கத்திலும் 4 போடுவார். எதையும் எளிதில் ஒப்பாதவர் இரண்டிலும் 2 போடுவார். தலைமைக்கும் பற்றுக்கும் உண்மையில் ஒட்டும் உறவும் இல்லையென்றாலும் கணினி ஒரு நல்ல ஒட்டுறவுக் கெழுவைத் தரும். ‘நல்ல தலைமை நிறுவனப் பற்றை வளர்க்கிறது’ என்ற ஆய்வேடு தயார்.

இங்கே ஒரு வரலாற்று முரணைச் சொல்லாமல் போக முடியவில்லை. நம் ஊர் முதுகலை மேலாண்மைத் திட்ட அறிக்கைகளிலும் உலகின் பெரிய ஆய்விதழ்களிலும் வினாத்தாள் நம்பகமானது என்பதற்குச் சான்றாகக் காட்டப்படுவது, வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் கிரோன்பாக் ஆல்ஃபா. 0.9 வந்துவிட்டால் அந்த அத்தியாயம் முடிந்தது. அந்த ஆல்ஃபாவை 1951-இல் பிரபலமாக்கிய லீ கிரோன்பாக், அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1946-இல், பதிலளிக்கும் பழக்கங்கள் எப்படி அளவீட்டைக் கெடுக்கின்றன என்று விரிவாக எழுதியிருந்தார். எல்லா வாக்கியங்களையும் ஒரே திசையில், ஒரே கட்டங்களில் கேட்டால் தலையாட்டும் பழக்கம் எல்லா வாக்கியங்களுக்கும் பொதுவாகிவிடும். பொதுவானது கூடக் கூட ஆல்ஃபாவும் கூடும். நோயின் காய்ச்சலையே உடல்நலத்தின் அறிகுறி என்று பதிவுசெய்வதற்கு ஒப்பானது இது.

தலையாட்டலுக்கு மருந்து என்று பாடப்புத்தகங்கள் சொல்வது, சில வாக்கியங்களை எதிர்மறையாக எழுதுவது. அந்த மருந்து என்ன செய்தது என்பதற்கு மேலாண்மைத் துறையிலேயே பிரபலமான ஒரு சான்று உண்டு. ரிச்சர்ட் ஹேக்மனும் கிரெக் ஓல்டாமும் 1975-இல் வெளியிட்ட பணி ஆய்வு வினாத்தாள், ஒரு வேலையின் ஐந்து பண்புகளை அளக்கிறது: பல்வகைத் திறன் தேவைப்படுவது, ஒரு முழுப் பணியை ஒருவரே முடிப்பது, பிறர் வாழ்வில் அதன் முக்கியத்துவம், சுயமாக முடிவெடுக்கும் உரிமை, வேலையிலிருந்தே கிடைக்கும் பின்னூட்டம். உலகெங்கும் வேலைகளை மாற்றியமைக்க இதைப் பயன்படுத்தினார்கள். எந்த வாக்கியங்கள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வு செய்தவர்களுக்கு ஒரு தலைவலி: ஐந்து காரணிகள் வர வேண்டிய இடத்தில் சில மாதிரிகளில் நான்கு, சிலவற்றில் ஆறு. கோட்பாடே சரியில்லையோ என்று விவாதம் நடந்தது. ஜாக்குலின் இடாசாக்கும் ஃபிரிட்ஸ் டிராஸ்கோவும் 1987-இல் அந்த உபரிக் காரணியைப் பிரித்துப் பார்த்தபோது அதில் இருந்தவை எல்லாம் தலைகீழாக மதிப்பெண் போடப்படும் வாக்கியங்கள். வேலையின் எந்தப் பண்பும் அதில் இல்லை. ‘என் வேலை எளிமையானது, ஒரே மாதிரியானது’ என்ற பாணியில் எழுதப்பட்டதுதான் அவற்றுக்குப் பொதுவானது. அந்த வாக்கியங்களை நேர்மறையாகத் திருத்தி எழுதியதும் கோட்பாடு சொன்ன ஐந்து காரணிகள் கிடைத்தன. பத்தாண்டுக்கும் மேலாக வேலையின் இயல்பு பற்றிய விவாதமாக நடந்ததில் கணிசமான பகுதி, வாக்கியங்களின் இலக்கணம் பற்றியது.

இது எப்படி நேர்கிறது என்பதை நீல் ஷ்மிட்டும் டேனியல் ஸ்டல்ட்ஸும் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே கணினிப் போலித்தரவு கொண்டு காட்டியிருந்தார்கள். பதிலளிப்பவர்களில் பத்தில் ஒருவர் மட்டும் ஒரு வாக்கியம் எதிர்மறையானது என்பதைக் கவனிக்காமல், வரிசையாக டிக் செய்துகொண்டே போனால் போதும். எதிர்மறை வாக்கியங்கள் தனிக் காரணியாகப் பிரிந்துவிடும். வேலை நேரத்தில், மேலாளர் சொன்னதற்காக, 80 கேள்விகளை நிரப்பும் ஊழியர்களில் பத்தில் ஒருவர் கவனம் தவறுவது அதிசயமா? இதே கோளாறு வேறு உருவத்தில் ஜான் ரிஸ்ஸோ, ராபர்ட் ஹவுஸ், சிட்னி லிர்ட்ஸ்மன் மூவரும் 1970-இல் தந்த வினாத்தாளிலும் உண்டு. பணியில் முரண்பட்ட கட்டளைகள் வருவதையும், தன் பொறுப்பு எது என்று தெளிவில்லாமல் இருப்பதையும் அது அளக்கிறது. முரண்பாடு பற்றிய வாக்கியங்கள் தொல்லையைச் சொல்பவை. தெளிவின்மை பற்றியவையோ ‘என் பொறுப்புகள் எனக்குத் தெரியும்’ என்ற வகையில் நலத்தைச் சொல்லி, பிறகு தலைகீழாக்கப்படுபவை. இரண்டும் தனித்தனிக் கருத்துகள் என்று புள்ளியியல் காட்டும்போது, கருத்துகள் வேறானவையா, வாக்கியத்தின் திசை வேறானதா என்று கேட்டவர்களுக்கு எளிதில் பதில் கிடைக்கவில்லை.

கட்டங்கள் ஐந்தா, ஏழா, பத்தா என்பதுதான் மாணவர்கள் முதலில் கேட்கும் கேள்வி. உள்ளபடி அதில் சுவாரசியம் குறைவு. கரோலின் பிரெஸ்டனும் ஆண்ட்ரூ கோல்மனும் 2000-இல் வெளியிட்ட ஒப்பீட்டில் இரண்டு, மூன்று, நான்கு கட்டங்கள் பின்தங்கின. ஏழுக்கும் பத்துக்கும் இடைப்பட்டவை நன்றாக நின்றன. உடன்படுகிறேன், மறுக்கிறேன் என்ற வகைக்கு ஐந்தைத் தாண்டுவதில் பயனில்லை என்று பின்னர் வந்த ஐரோப்பிய ஆய்வு காட்டியது. கட்டங்களின் எண்ணிக்கையைவிட ஒவ்வொரு கட்டத்தின் மேலும் என்ன எழுதியிருக்கிறது என்பதும், கேள்வி எந்த வடிவில் கேட்கப்படுகிறது என்பதும்தான் கவனிக்கத்தக்கவை.

இதற்கெல்லாம் எழும் மறுப்புகளில் வலுவானது மேலாண்மை உளவியலுக்கு உள்ளிருந்தே வருகிறது. 1963-இல் பட்ரீசியா ஸ்மித்தும் லோர்ன் கெண்டலும் செவிலியர்களின் பணியை மதிப்பிட ஒரு புதுவகை அளவுகோலை உருவாக்கினார்கள். ‘நன்று’, ‘சுமார்’ என்ற சொற்களுக்குப் பதிலாக ஒவ்வொரு புள்ளியிலும் செவிலியர் இன்ன சூழலில் இன்னது செய்வார் என்ற செயல் விவரிப்பு இருக்கும். பெரும் எதிர்பார்ப்போடு தொடங்கி, படிவத்தின் வடிவத்தை மாற்றி மாற்றிச் சோதித்த ஆய்வுகள் குவிந்தன. 1980-இல் ஃபிராங்க் லேண்டியும் ஜேம்ஸ் ஃபாரும் அவை அனைத்தையும் அலசிவிட்டு, படிவ வடிவத்தால் விளையும் வேறுபாடு அற்பம், இந்த ஆராய்ச்சியை நிறுத்திவைப்போம் என்றே எழுதினார்கள். அறிஞர்களின் இந்தத் தீர்ப்பை லேசாக ஒதுக்க முடியாது. ஆனால் அவர்கள் எதை அளந்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரு மேலதிகாரி தனக்கு நன்கு தெரிந்த சில ஊழியர்களை வரிசைப்படுத்தும்போது வடிவம் மாறினால் பிழை குறைகிறதா என்பதே அந்த ஆய்வுகளின் கேள்வி. அங்கே தீர்ப்பு ஏற்கெனவே அவர் மனதில் உறுதிப்பட்டிருக்கிறது; படிவம் அதைப் பதிவுசெய்வதோடு சரி. வினாத்தாள் ஆய்வில் நிலைமை வேறு. நிறுவனப் பற்று, பணி ஈடுபாடு, உளவியல் பாதுகாப்பு பற்றி ஊழியர் அந்தத் தாளைக் காணும் வரை பெரும்பாலும் யோசித்ததில்லை. பதில் அங்கேயே, கட்டங்களைப் பார்த்துக்கொண்டே, உருவாகிறது. தயார்நிலையில் தீர்ப்பு இல்லாத இடத்தில்தான் அளவுகோலுக்கு வேலை அதிகம். மேலும் ரிவேராவும் டில்சிக்கும் ஆராய்ந்தது மதிப்பீட்டுப் படிவத்தையே. எல்லோரையும் கூட்டிச் சராசரி பார்த்தால் வடிவத்தின் பங்கு சிறியதாகத் தோன்றலாம். அது ஒரு குழுவின் மீது மட்டும் சாயும்போது விளைவு சிறியதல்ல.

இரண்டாவது மறுப்பு: எங்களுக்கு அளவு முக்கியமில்லை, உறவுதான் முக்கியம், 3.7 எதைக் குறித்தால் என்ன, தலைமை கூடும்போது பற்று கூடுகிறதா என்பதே கேள்வி. பால் ஸ்பெக்டர் 2006-இல் இன்னும் ஒரு படி போய், ஒரே முறையில் அளப்பதால் எல்லா ஒட்டுறவுகளும் ஊதிப்போகின்றன என்ற அச்சம் நகர்ப்புறக் கட்டுக்கதையின் தன்மை கொண்டது என்று வாதிட்டார். ஒரே தாளில் அளந்த பல மாறிகளுக்கு இடையே ஒட்டுறவே இல்லாமலும் இருக்கிறதே என்பது அவருடைய முக்கிய ஆதாரம். இதில் பாதி நியாயம் உண்டு. ஊதல் எல்லா இடத்திலும் சீராக இல்லை என்பது சரி. ஆனால் அதிலிருந்து ஆறுதல் கொள்ள வழியில்லை. சீராக ஊதியிருந்தால் ஒரு தொகையைக் கழித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். எந்த வாக்கியம், எந்தத் திசை, எந்தக் கட்டம் என்பதைப் பொறுத்து ஒட்டுறவு ஓரிடத்தில் கூடி, மற்றோரிடத்தில் குறைகிறது என்றால் ஒவ்வொரு கண்டுபிடிப்பையும் அதன் வினாத்தாளோடு சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது. பிலிப் பொட்சகாஃபும் சக ஆய்வாளர்களும் 2003-இல் எழுதிய, இத்துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்று, புள்ளியியல் திருத்தங்களுக்கு முன்பே வடிவமைப்பிலேயே செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்துகிறது: காரணத்தையும் விளைவையும் வேறு ஆட்களிடம் அல்லது வேறு நேரத்தில் கேட்பது, இரண்டுக்கும் வேறுவேறு அளவுகோல் தருவது. பல ஆய்வாளர்கள் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிவிட்டு, புள்ளியியல் சோதனை ஒன்றை மட்டும் ஓட்டுகிறார்கள்.

அளவு முக்கியமில்லை என்பதும் உண்மையில் யாரும் கடைப்பிடிக்கும் கொள்கையல்ல. நாடுகளை ஒப்பிடும் மேலாண்மை ஆய்வு முழுவதும் அளவை நம்பியே நிற்கிறது. 62 சமூகங்களில் ஏறத்தாழ 17,000 இடைநிலை மேலாளர்களிடம் ஏழு புள்ளி அளவுகோலில் கேட்ட குளோப் ஆய்வு, உங்கள் சமூகம் எப்படி இருக்கிறது, எப்படி இருக்க வேண்டும் என்று இரண்டு விதமாகக் கேட்டது. ஒன்பது பண்பாட்டுக் கூறுகளில் ஏழில், நடைமுறை உயர்ந்த நாட்டில் விருப்பம் தாழ்ந்திருந்தது. மதிப்பீடுகள்தான் நடத்தையை உருவாக்குகின்றன என்று நம்பியவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. ராபர்ட் மாஸ்லண்டும் ஆண்ட்ரே வான் ஹூர்னும் 2009-இல் இதற்குத் தந்த விளக்கம் எளிமையானது: ‘எப்படி இருக்க வேண்டும்’ என்று கேட்டால் மனிதர்கள் இருப்பதை ஒப்பிட்டு, இன்னும் வேண்டுமா போதுமா என்றே சொல்கிறார்கள், ஏற்கெனவே நிறைய இருப்பவர்கள் போதும் என்கிறார்கள். கேள்வியின் வடிவம் பண்பாட்டின் புதிராகக் காட்சியளித்தது. கேரி கிங்கும் அவருடைய கூட்டாளிகளும் 2004-இல் காட்டியது இன்னும் கூர்மையானது. அரசை உங்கள் பிரச்சினையைக் கவனிக்கவைக்க உங்களுக்கு எவ்வளவு செல்வாக்கு உண்டு என்ற கேள்விக்கு, மெக்சிகோ மக்களைவிடச் சீன மக்கள் தங்களுக்கு அதிகச் செல்வாக்கு இருப்பதாகப் பதில் சொன்னார்கள். பிறகு குறைகளோடு அரசை அணுகும் சில கற்பனை மனிதர்களின் சிறு விவரிப்புகளைக் கொடுத்து, அவர்களையும் அதே அளவுகோலில் மதிப்பிடச் சொன்னார்கள். அந்த விவரிப்புகளைப் பொதுப் புள்ளிகளாக வைத்துத் திருத்தியதும் வரிசை தலைகீழானது. ‘ஓரளவு’ என்ற கட்டத்தை இரு நாட்டினரும் இருவேறு உயரங்களில் வைத்திருந்தார்கள்.

சராசரி எடுப்பதையே கேள்விக்குள்ளாக்குபவர்களும் உண்டு. 1946-இல் ஸ்டான்லி ஸ்டீவன்ஸ் அளவீடுகளை வகைப்படுத்தியது முதல், வரிசையை மட்டும் காட்டும் எண்களைக் கூட்டி வகுக்கலாமா என்ற சண்டை ஓயவில்லை. ஜெஃப்ரி நார்மன் 2010-இல், வழக்கமான புள்ளியியல் சோதனைகள் இந்த மீறலைத் தாங்கும் என்று வாதாடினார். பல வாக்கியங்களின் கூட்டுத்தொகையைப் பொறுத்தவரை அவர் சொல்வது பெரும்பாலும் செல்லும் என்றே கருதுகிறேன். ஆனால் டிமதி பாண்டும் கெவின் லாங்கும் 2019-இல் மகிழ்ச்சிக் கணக்கெடுப்புகளை எடுத்துக்கொண்டு காட்டியதை இந்த வாதம் தொடுவதில்லை. கட்டங்களுக்கு இடையிலான தூரத்தை நாம் கூட்டியும் குறைத்தும் எண்ணிப் பார்த்தால், வரிசை கெடாமலேயே, எந்தக் குழு சராசரியில் அதிக மகிழ்ச்சியானது என்ற முடிவைப் பெரும்பாலான நேர்வுகளில் புரட்டிவிடலாம். லிக்கர்ட் தன் எளிய கூட்டலுக்குச் சான்று தந்த இடத்துக்கும், நாம் அதைக் கொண்டு நிறுத்தியிருக்கும் இடத்துக்கும் உள்ள தூரம் இதுதான்.

வேறு வழி இல்லை என்றால் இத்தனை குறை சொல்வது வீண். வழி இருக்கிறது. நிக்கலஸ் புளூமும் ஜான் வான் ரீனனும் 2007-இல் வெளியிட்ட மேலாண்மை ஆய்வில் மேலாளர்கள் கையில் அளவுகோலே கொடுக்கப்படவில்லை. ‘ஒரு இயந்திரம் பழுதானால் என்ன செய்வீர்கள்? கடைசியாக நடந்ததைச் சொல்லுங்கள்’ என்ற பாணியில் தொலைபேசியில் பேச்சுக் கொடுத்து, 18 நடைமுறைகளுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டவர்கள் பயிற்சி பெற்ற நேர்காணலாளர்கள். தாங்கள் மதிப்பிடப்படுவது மேலாளர்களுக்குத் தெரியாது. நிறுவனத்தின் லாப நட்டம் நேர்காணலாளர்களுக்குத் தெரியாது. இப்படிக் கிடைத்த மதிப்பெண் உற்பத்தித் திறனோடு சேர்ந்து நகர்ந்தது. பின்னர் அதே திட்டத்தில், உங்கள் நிறுவனம் எவ்வளவு நன்றாக நிர்வகிக்கப்படுகிறது, பத்துக்கு எத்தனை போடுவீர்கள் என்று மேலாளர்களையே கேட்டபோது கிடைத்த சுயமதிப்பெண் அப்படி நகரவில்லை. அவர்கள் பொய் சொன்னதாகக் கொள்ள வேண்டியதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு நிறுவனத்தின் உட்புறம் தெரியாதவர் கையில் பத்துக் கட்டங்களைக் கொடுத்தால் வேறென்ன கிடைக்கும்? மும்பைக்கு அருகே 17 ஜவுளி நிறுவனங்களின் ஆலைகளில் புளூமும் மற்றவர்களும் நடத்தி 2013-இல் வெளியிட்ட சோதனையில் மதிப்பெண்ணையும் விட்டுவிட்டார்கள். தறி பழுதுப் பதிவேடு இருக்கிறதா, நூல் கையிருப்பு முறையாகக் கணக்கெடுக்கப்படுகிறதா என்ற வகையில் 38 நடைமுறைகளை ஆலைக்குள் சென்று பார்த்து உண்டு, இல்லை என்று குறித்தார்கள். அந்த நடைமுறைகளைப் புகுத்திய ஆலைகளில் முதல் ஆண்டிலேயே உற்பத்தித் திறன் 17 சதவீதம் உயர்ந்தது.

இதற்குச் செலவாகும், ஒரு முனைவர் பட்ட மாணவரால் முடியாது என்பது நியாயமான பதில். ஊழியரின் சலிப்பையோ நம்பிக்கையையோ வெளியே இருந்து பார்த்துக் குறித்துவிட முடியாது என்பதும் நியாயம். மனதுக்குள் இருப்பதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அப்படிக் கேட்கும்போது ‘என் மேலாளர் நியாயமானவர் – உடன்படுகிறேன்’ என்பதற்குப் பதிலாக ‘சென்ற மாத ஷிஃப்ட் ஒதுக்கீடு எவ்வளவு நியாயமாக நடந்தது?’ என்று நேராகக் கேட்டு, ‘சிறிதும் நியாயமில்லை’ முதல் ‘முழுக்க நியாயம்’ வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் சொல் எழுதுவதற்குக் கூடுதல் காசு தேவையில்லை. பழைய ஆய்வுகளோடு ஒப்பிட முடியாமல் போகும் என்ற அச்சத்துக்கும் வழி உண்டு. ஆன்லைன் படிவத்தில் மாதிரியைச் சீட்டுக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய அளவுகோலையும் மறு பாதிக்குப் புதியதையும் கொடுக்கலாம். தலைமைக்கும் பற்றுக்கும் இடையில் முதல் பாதியில் வந்த உறவு இரண்டாம் பாதியிலும் அதே அளவில் நின்றால் முடிவை எழுதலாம். பாதியாகச் சுருங்கினால், காணாமல் போன பாதி யாருடையது என்பதை ஆய்வேட்டின் முடிவுரையில் அல்ல, கருதுகோளைச் சோதித்த அட்டவணைக்கு நேர் கீழேயே எழுத வேண்டும்.